இஞ்சி அங்கே போனது, மஸ்தகி இங்கே வந்தது: துருக்கி வீட்டு பிஸ்கட்டின் வரலாறு



துருக்கி என்றதும் உங்களுக்கு என்ன நினைவுக்கு வரும் என்று எனக்குத் தெரியும். "1453-ல் துருக்கியர் கான்ஸ்டாண்டிநோபிளைக் கைப்பற்றினர்." இரண்டு மதிப்பெண் கேள்வி. அடுத்த வரி, "ஆகவே ஐரோப்பியர் இந்தியாவுக்குப் புதிய கடல்வழி தேடினர்." அதோடு துருக்கியரை மேடையிலிருந்து இறக்கிவிட்டு வாஸ்கோடகாமாவை ஏற்றிவிடுவோம். அந்த மிளகும் பட்டையும் கிராம்பும் துருக்கிக்காரர் வீட்டு அடுப்பங்கரைக்குப் போய் என்ன ஆயின என்று எந்தத் தேர்விலும் கேட்டதில்லை. இன்று அதை எழுதுகிறேன். நீளமான பதிவு. ஞாயிற்றுக்கிழமைதானே, காபியை வைத்துக்கொண்டு படியுங்கள்.

எழுதக் காரணம் என் பேத்தி. பள்ளி விடுமுறையில் துருக்கி மசாலா பிஸ்கட் செய்கிறேன் என்று ஆரம்பித்தவள், "தாத்தா, மஹ்லெப் என்றால் என்ன?" என்று கேட்டாள். அந்த ஒரு கேள்விக்குப் பதில் தேடப் போய், ஒரு தட்டு பிஸ்கட்டுக்குள் ஐந்நூறு வருட வரலாறு இருப்பதைப் பார்த்தேன்.

முதலில் பெயர். துருக்கியில் இவ்வகை பிஸ்கட்டுக்குக் குராபியே என்று பெயர். கிரேக்கர் குராபியே என்றும் குராபியேதெஸ் என்றும் சொல்வார்கள். அரபு நாடுகளில் இதற்கு நெருங்கிய உறவு குராய்பா. ஈரானில் தப்ரீஸ் நகரத்தின் பாதாம் குராபியே பேர் போனது. எளிமையான வகையில் மாவு, சர்க்கரை, வெண்ணெய் மூன்றே சாமான்தான். நம் ஊர் பேக்கரிக் கண்ணாடி ஜாடியில் இருக்கும் நெய் பிஸ்கட்டை நினைத்துக்கொள்ளுங்கள். வாயில் போட்டதும் மணல் மாதிரி உதிரும். அந்த ஜாதிதான்.

மசாலா சேர்த்த வகைகளில் இரண்டை மட்டும் சொல்கிறேன். ஒன்று, கந்தில் சிமிதி. சிறு வளையமாக உருட்டி, எள்ளில் புரட்டி, மஹ்லெப் மணத்தோடு சுடுவது. இனிப்பைவிட உப்புச் சுவை அதிகம். ஆண்டில் ஐந்து புனித இரவுகளை அங்கே கந்தில் என்பார்கள். கந்தில் என்றால் விளக்கு. மராத்திக்காரர்கள் தீபாவளிக்கு வீட்டு வாசலில் தொங்கவிடும் "ஆகாஷ் கந்தில்" இருக்கிறதே, அதே சொல்தான். அந்த இரவுகளில் மசூதி மினார்களில் விளக்கேற்றும் வழக்கத்தால் வந்த பெயர். அன்றைக்கு பேக்கரிகளில் இந்த வளையங்களைப் பொட்டலம் பொட்டலமாக விற்பார்கள்.

இரண்டாவது, தென்கோடியில் சிரியா எல்லையை ஒட்டிய அந்தாக்யா நகரத்தின் கொம்பே. பண்டிகைக்குச் செய்வது. பட்டை, கிராம்பு, ஜாதிக்காய், சுக்கு, மஹ்லெப் எல்லாம் பொடித்துப் போட்டு, சில வீடுகளில் உள்ளே பேரீச்சம்பழமோ வால்நட் பருப்போ வைத்து, செதுக்கிய மர அச்சில் அழுத்தி எடுத்துச் சுடுவார்கள். நம் கொழுக்கட்டை அச்சு மாதிரி, ஆனால் மரத்தில் பூவும் கோடுமாகச் செதுக்கியிருக்கும். பேத்தி செய்தது இதைத்தான்.

இப்போது மசாலாவின் பெயர்களைப் பாருங்கள். வரலாற்றுக்குச் சாட்சி கல்வெட்டில் மட்டும் இருப்பதில்லை, மளிகைச் சீட்டிலும் இருக்கும்.

பட்டைக்குத் துருக்கியில் தார்ச்சின். பாரசீகத்தில் "சீனத்து மரம்" என்று பொருள். இந்தியில் தால்சீனி என்பதும் இதுவே. நல்ல பட்டை இலங்கையில் விளைந்தாலும், பெயர் சீனாவுக்குப் போய்விட்டது. தேங்காய்க்கு அங்கே ஹிந்திஸ்தான் ஜெவிஸி, அதாவது இந்தியக் கொட்டை. ஜாதிக்காய்க்குக் குச்சுக் ஹிந்திஸ்தான் ஜெவிஸி, அதாவது சின்ன இந்தியக் கொட்டை! ஜாதிக்காயின் சொந்த ஊர் இந்தோனேசியாவின் பாண்டா தீவுகள். அங்கிருந்து கைமாறிக் கைமாறி இந்தியத் துறைமுகங்கள் வழியாகப் போனதால் துருக்கிக்காரருக்கு அது இந்தியச் சரக்காகிவிட்டது. விற்றவன் ஊரே விளைந்த ஊர் என்று பெயர் வைப்பது மனிதர் வழக்கம்.

இஞ்சிக்கு வருவோம். துருக்கியில் ஸென்ஜெஃபில். அது அரபு மொழியின் ஸஞ்ஜபீலிலிருந்து வந்தது. அதற்குப் பின்னால் போனால் பாலி, சமஸ்கிருத வடிவங்கள். அவற்றுக்கும் அடியில் இருப்பது நம் "இஞ்சி வேர்" என்பது மொழியியலாளர் பலரும் ஏற்றுக்கொண்ட கருத்து. ஆங்கிலத்தின் ஜிஞ்சரும் அதே வேரில் முளைத்ததுதான். ஆக, அந்தாக்யாவில் ஒரு பாட்டி ஸென்ஜெஃபில் என்று சொல்லிச் சுக்குப் பொடியை மாவில் போடும்போது, தன்னை அறியாமல் கொஞ்சம் தென்னிந்திய மொழியும் பேசிவிடுகிறாள்.

இந்தச் சரக்கெல்லாம் எந்த வழியாகப் போயிற்று? நம் மேற்குக் கடற்கரையிலிருந்து அரபிக்கடல், செங்கடல், எகிப்து, பிறகு மத்தியதரைக் கடல். 1517-ல் உதுமானியர் எகிப்தைப் பிடித்தபின் அந்த வழியின் கதவு அவர்கள் கைக்கு வந்தது. போர்த்துக்கீசியர் ஆப்பிரிக்காவைச் சுற்றி வந்தபிறகு செங்கடல் வழி செத்துவிட்டது என்று நினைக்காதீர்கள். பதினாறாம் நூற்றாண்டின் நடுவில் அந்த வழியில் மிளகு மறுபடி தாராளமாகப் போயிற்று. வெனிஸ் வணிகர்கள் வழக்கம்போல அலெக்சாண்டிரியாவில் வந்து வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

இஸ்தான்புல்லில் இன்றும் ஒரு மசாலாச் சந்தை இருக்கிறது. சுற்றுலா போன நம் பிள்ளைகள் சிலர் படம் போட்டிருந்தீர்கள். அதன் துருக்கிப் பெயருக்கு "எகிப்துச் சந்தை" என்று பொருள். பக்கத்தில் இருக்கும் புதிய மசூதியோடு சேர்த்து 1660-களில் கட்டி முடித்தார்கள். எகிப்திலிருந்து வந்த வருவாயில் கட்டியதால் அந்தப் பெயர். கடைகளின் வாடகை மசூதியின் செலவுக்கு. நம் ஊரில் கோயில் நிலத்துக் குத்தகையில் விளக்கெரிகிற ஏற்பாட்டை ஒத்தது. அந்த மசூதியை 1597-ல் தொடங்கியவரும், பல பத்தாண்டுகள் கிடப்பில் கிடந்ததை எடுத்து முடித்தவரும் அரண்மனைப் பெண்கள். சாஃபியே சுல்தான் தொடங்கினார், துர்ஹான் சுல்தான் முடித்தார். பாடப் புத்தகத்தில் சுல்தான்கள் பெயர் மட்டுமே வரும், அதனால் இதைத் தனியாகச் சொல்கிறேன்.

அரண்மனை என்றதும் இன்னொன்று. தோப்காப்பி அரண்மனைச் சமையற்கூடங்கள் 1574-ல் தீப்பிடித்தபின் அவற்றைத் திரும்பக் கட்டியவர் சினான், உலகப் புகழ் பெற்ற கட்டடக் கலைஞர். அங்கே இனிப்புகளுக்கென்று ஹெல்வாஹானே என்ற தனிப் பகுதி இருந்தது. அங்கேயே லேகியங்களும் கிண்டினார்கள். மசாலா மருந்தாகவும் இருந்தது, பண்டமாகவும் இருந்தது. சுக்கு எந்த டப்பாவில் இருக்க வேண்டும், அஞ்சறைப் பெட்டியிலா மருந்துப் பெட்டியிலா என்ற கேள்வி நம் வீட்டிலும் இல்லையா?

இனி இங்கே வந்த சரக்கு. குராபியேவில் ஒரு வகைக்கு மஸ்தகி என்ற பிசின் போடுவார்கள். துருக்கிக் கரைக்குச் சில கிலோமீட்டர் தூரத்தில் கியோஸ் என்று ஒரு கிரேக்கத் தீவு. துருக்கிக்காரர் அந்தத் தீவையே சாக்கிஸ் என்பார்கள். அவர்கள் மொழியில் சாக்கிஸ் என்றால் மெல்லும் பிசின். தீவின் தென்பகுதிக் கிராமங்களில் கோடையில் மரப்பட்டையைக் கீறிவிட்டு, அடியில் வெள்ளை மண் பரப்பி வைப்பார்கள். கண்ணீர்த் துளி மாதிரி சொட்டி இறுகும். 1566-ல் தீவு உதுமானியர் கைக்கு வந்தது, 1912-ல் கிரேக்கத்தோடு சேர்ந்தது. மஸ்தகி வளர்க்கும் அந்தக் கைப்பக்குவத்தை 2014-ல் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது.

இந்த மஸ்தகியைத் தேடித் துருக்கி போக வேண்டாம். பெரிய நாட்டு மருந்துக் கடையில் "ரூமி மஸ்தகி" என்று கேளுங்கள், எடுத்துக் கொடுப்பார். ரூம் என்பது ரோமாபுரியின் கிழக்குப் பாதியான அனத்தோலியாவுக்கு, அதாவது இன்றைய துருக்கி நிலத்துக்கு, அரபியரும் பாரசீகரும் வைத்த பெயர். மஸ்தகி கிரேக்கச் சொல். நம் இஞ்சி தன் பெயரோடு அங்கே போயிற்று, அவர்கள் பிசின் தன் பெயரோடு நம் மருந்துக்கடை அலமாரிக்கு வந்தது. கணக்கு சரியாகிவிட்டது!

அப்போது மஹ்லெப்? அது ஒரு காட்டுச் செர்ரி மரத்தின் கொட்டைக்குள் இருக்கும் பருப்பு. எள்ளைவிடச் சற்றுப் பெரிது. இடித்தால் பாதாமும் செர்ரியும் கலந்த வாசனை, நாக்கில் லேசான கசப்பு. பொடித்து வைத்தால் சீக்கிரம் கெட்டுவிடும். ஆகவே வேண்டும்போது இடித்துக்கொள்வது வழக்கம். பட்டையும் கிராம்பும் கடல் கடந்து வந்தவை, மஹ்லெப் மட்டும் அந்த மண்ணின் பிள்ளை.

"வீட்டில் சுட்ட பிஸ்கட்" என்கிறோமே, பழைய உதுமானிய நகரங்களில் பல வீடுகளில் அடுமனையே கிடையாது. இஸ்தான்புல்லில் பெரும்பாலும் மர வீடுகள், தீ என்றால் நடுக்கம். பெண்கள் வீட்டில் மாவு பிசைந்து, வடிவம் செய்து, தட்டில் அடுக்கித் தெருவிலுள்ள பொது அடுமனைக்கு அனுப்புவார்கள். ஃபிரின் என்பது அதன் பெயர். நாம் தூக்குச் சட்டியில் அரிசியைப் போட்டுக்கொண்டு மாவு மில் வாசலில் வரிசையில் நிற்கவில்லையா? அதே காட்சிதான். ஆக, மாவு வீட்டுடையது, நெருப்பு தெருவுடையது. ஒரே அடுமனையில் பல வீட்டுத் தட்டுகள் பக்கத்தில் பக்கத்தில் வெந்தன. நோன்புப் பெருநாளுக்கு முஸ்லிம் வீட்டுத் தட்டு போகும், ஈஸ்டருக்குக் கிறிஸ்தவ வீட்டுத் தட்டு போகும். அந்தப் பக்கத்து ஊர்களில் பேரீச்சம்பழம் வைத்த பிஸ்கட்டை முஸ்லிம்கள் பெருநாளுக்கும், கிறிஸ்தவர்கள் ஈஸ்டருக்கும், யூதர்கள் பூரிம் பண்டிகைக்கும் செய்வார்கள். பண்டிகை வேறு, அச்சு ஒன்று.

அந்தத் தெருக்கள் பிரிந்த கதைதான் இந்தப் பதிவின் முக்கியமான பகுதி.

முதல் உலகப் போர் முடிந்து, உதுமானியப் பேரரசு உடைந்து, கிரேக்கருக்கும் துருக்கியருக்கும் போர் நடந்து ஓய்ந்தபின், சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் பேச்சுவார்த்தை. நம் வங்கப் பிரிவினையின் கர்சன் பிரபுதான் அங்கே பிரிட்டன் தரப்பில் உட்கார்ந்திருந்தார். 1923 ஜனவரி 30-ல் ஓர் ஒப்பந்தம் கையெழுத்தானது. துருக்கியிலுள்ள ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் கிரேக்கத்துக்கும், கிரேக்கத்திலுள்ள முஸ்லிம்கள் துருக்கிக்கும் போக வேண்டும். கட்டாயம். இஸ்தான்புல் கிரேக்கர், மேற்குத் திரேஸ் முஸ்லிம்கள் போன்ற சிலருக்கு மட்டும் விலக்கு. முன்பே தப்பி ஓடியவர்களையும் சேர்த்து ஏறத்தாழ 12 லட்சம் கிறிஸ்தவர்களும் சுமார் 4 லட்சம் முஸ்லிம்களும் ஊர் மாறினார்கள். வங்கத்தைப் பிரித்த கர்சனே இதை மோசமான தீர்வு என்று கண்டித்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

யார் எங்கே போவது என்று எதை வைத்து முடிவு செய்தார்கள்? மதத்தை வைத்து. மொழியைக் கேட்கவில்லை. நடு அனத்தோலியாவில் கெல்வெரி என்ற ஊர். கிரேக்கர் அதைக் கர்வாலி என்பார்கள். அங்கிருந்த ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களின் வீட்டு மொழி துருக்கி. துருக்கி மொழியைக் கிரேக்க எழுத்தில் எழுதும் வழக்கமுள்ள மக்கள். அவர்களை "நீங்கள் கிரேக்கர்" என்று சொல்லி அனுப்பினார்கள். தங்கள் ஊர்ப் புனிதர் கிரிகோரியின் திருப்பண்டங்களைச் சுமந்துகொண்டு போனார்கள். வட கிரேக்கத்தில் கவாலா நகரத்துக்குப் பக்கத்தில் புது ஊர் அமைத்து, நெயா கர்வாலி, அதாவது புதுக் கர்வாலி என்று பெயர் வைத்தார்கள். இன்று கிரேக்கத்தில் பாதாம் போட்டுச் சர்க்கரைத் தூள் தூவிய குராபியேதெஸ் என்றால் அந்த ஊர்ப் பெயரைத்தான் சொல்வார்கள். அகதிகள் கொண்டுவந்த பண்டம் ஊரின் அடையாளமாகிவிட்டது.

மறுபக்கம் பாருங்கள். கவாலாவிலிருந்த முஸ்லிம்களைத் "துருக்கியர்" என்று சொல்லித் துருக்கிக்கு அனுப்பினார்கள். இன்று துருக்கி பேக்கரிகளில் பிறை வடிவில், பாதாம் போட்டு, சர்க்கரைத் தூள் தூவி விற்கும் பிஸ்கட்டுக்குக் கவாலா குராபியேசி என்று பெயர். விட்டு வந்த ஊரின் பெயர் பிஸ்கட்டில் ஒட்டிக்கொண்டது. இரு பக்கமும் ஒரே பாதாம், ஒரே வெண்ணெய், ஒரே சர்க்கரைத் தூள். "இது எங்கள் பண்டம்" என்று இரு நாட்டாரும் சண்டை போடுவதைக் கேட்டிருப்பீர்கள். இரண்டு பேருமே சரி. அரசாங்கங்கள் மக்களைத் தரம் பிரித்தன, சமையலைப் பிரிக்க முடியவில்லை.

இப்போது கொம்பேயின் ஊரான அந்தாக்யா. கி.மு. 300 வாக்கில் செலூக்கஸ் நிறுவிய நகரம். அலெக்சாண்டரின் தளபதி, நம் சந்திரகுப்த மௌரியரோடு உடன்படிக்கை செய்தாரே, அவரேதான். பழைய பெயர் அந்தியோக்கியா. பைபிள் படித்தவர்களுக்குத் தெரியும், கிறிஸ்தவர்கள் என்ற பெயர் முதன்முதலில் வழங்கிய ஊர். 1516-ல் உதுமானியருக்கு, முதல் உலகப் போருக்குப் பின் பிரெஞ்சுக்காரருக்கு, 1938-ல் ஹதாய் என்ற பெயரில் சில மாதத் தனிநாடு, 1939-ல் துருக்கியோடு இணைப்பு. அரபியும் துருக்கியும் பேசும் முஸ்லிம்கள், அலவிகள், ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள், ஆர்மீனியர், கொஞ்சம் யூதர்கள் என்று எல்லோரும் இருந்த ஊர். ஹதாயின் சமையலுக்காக 2017-ல் யுனெஸ்கோ அதைப் படைப்பு நகரங்கள் பட்டியலில் சேர்த்தது.

2023 பிப்ரவரி 6, விடியற்காலை 4.17. நிலநடுக்கம். துருக்கியில் மட்டும் 50,000 பேருக்கு மேல் இறந்தார்கள். அதிகம் அடிபட்ட இடம் ஹதாய். அந்தாக்யாவின் பழைய நகரம் ஏறக்குறைய முழுவதும் விழுந்தது. ஹபீப் நஜ்ஜார் மசூதியும் ஆர்த்தடாக்ஸ் தேவாலயமும் ஒருசேர விழுந்தன. சிறிய யூத சமூகத்தின் தலைவரும் அவர் மனைவியும் இடிபாட்டில் இறந்தார்கள். பிழைத்தவர்களில் பலர் மெர்சின், அதானா என்று வேறு ஊர்களுக்குப் போனார்கள், பலர் கூடாரங்களிலும் தகரக் கொட்டகைகளிலும் தங்கினார்கள்.

மசூதியையும் தேவாலயத்தையும் திரும்பக் கட்டலாம். வரைபடம் இருக்கிறது, புகைப்படம் இருக்கிறது. ஒரு தெருவின் அடுமனையும், அதன் வாசலில் தட்டோடு நின்ற பத்து வீட்டுப் பெண்களும், "உன் வீட்டில் கிராம்பு கூடிப் போச்சு" என்ற பேச்சும் எந்த வரைபடத்திலும் இல்லை. இடிபாட்டிலிருந்து வெறுங்கையோடு வெளியே வந்தவர் கூடவே வருவது மனதில் இருக்கும் அளவு ஒன்றுதான். லோசானுக்குப் பின் கெல்வெரிக்காரரும் அதை வைத்துத்தான் புது ஊரில் பிழைத்தார்கள். நான் வரலாறு என்று சொல்வது இதையும் சேர்த்துத்தான். அரசர்கள் விட்டுப்போனது கல்லில் இருக்கிறது. குடும்பங்கள் விட்டுப்போவது சொல்லிக் கொடுத்தால் மட்டுமே இருக்கும்.

செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்குப் பேத்தியின் அளவைத் தருகிறேன். மைதா 250 கிராம், வெண்ணெய் 100 கிராம், பொடித்த சர்க்கரை 80 கிராம், பேக்கிங் பவுடர் அரை டீஸ்பூன், பட்டைத்தூள் ஒரு டீஸ்பூன், சுக்குத்தூள் அரை டீஸ்பூன், மூன்று கிராம்பு பொடித்தது, துருவிய ஜாதிக்காய் ஒரு சிட்டிகை, உப்பு ஒரு சிட்டிகை, வறுத்த எள் ஒரு டேபிள்ஸ்பூன். மஹ்லெப் கிடைத்தால் அரை டீஸ்பூன், கிடைக்காவிட்டால் பாதாம் எசன்ஸ் இரண்டு துளி. வெண்ணெயையும் சர்க்கரையையும் குழைத்து, மற்றதைச் சேர்த்து, மூன்று நான்கு ஸ்பூன் பால் தெளித்துப் பிசையுங்கள். சப்பாத்தி மாவு மாதிரி அடித்துப் பிசையக் கூடாது, சேர்ந்து வந்தால் போதும். அரை மணி நேரம் மூடி வைத்து, எலுமிச்சை அளவு உருட்டி, நடுவில் விதை நீக்கி மசித்த பேரீச்சம்பழம் வைத்து மூடி, அச்சில் அழுத்துங்கள். மர அச்சு இல்லாவிட்டால் முள்கரண்டியால் கோடு போடலாம். 180 டிகிரி சூட்டில் இருபது நிமிடம். ஓவன் இல்லாதவர்கள் கேஸ்கெட்டும் வெயிட்டும் எடுத்துவிட்ட குக்கரில் உப்பைப் பரப்பிச் சூடாக்கி, உள்ளே தட்டை வைத்துச் சிறு தீயில் அரை மணி நேரம். அடிப்பக்கம் லேசாகச் சிவந்தால் எடுத்துவிடுங்கள். சூட்டில் மெத்தென்று இருக்கும், வேகவில்லையோ என்று திரும்ப வைக்காதீர்கள். ஆறினால் இறுகும்.

கடைசியாக வீட்டுப்பாடம். பணி ஓய்வு எனக்குத்தான், உங்களுக்கு இல்லை! உங்கள் வீட்டில் அம்மாவோ ஆச்சியோ அத்தையோ மாமியாரோ கைப்பழக்கத்தில் மட்டும் வைத்திருக்கும் ஒரு பண்டம் இருக்கும். அதிரசப் பாகின் பதமாக இருக்கலாம், குழம்புப் பொடியாக இருக்கலாம். இந்த வாரம் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, அவர்கள் அள்ளும் கைப்பிடியைத் தராசில் நிறுத்து, எழுதி, கீழே கருத்துப் பகுதியில் போடுங்கள். எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு அந்தப் பண்டம் வந்தது என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். "உப்பு தேவைக்கேற்ப, மசாலா கொஞ்சம்" என்று எழுதுகிறவர்களுக்கு மதிப்பெண் கிடையாது.